வெள்ளித்திரை நூற்றாண்டு – 23: படத்தைத் தொலைத்த இயக்குநர்

1960 பிப்ரவரியில், மிலான் நகரத்துத் திரையரங்கு வாசலில் 'லா டோல்சே வீட்டா' படத்துக்காகத் தன்மேல் விழுந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு நின்ற ஃபெதெரிகோ ஃபெல்லினியோடு சென்ற பகுதியை முடித்திருந்தோம். அதே ஆண்டு மே மாதம் கான் விழாவில், நாவலாசிரியர் ஜார்ஜ் சிமெனோன் தலைமையிலான நடுவர் குழு 'லா டோல்சே வீட்டா'வுக்குத் தங்கப் பனை விருதைக் கொடுத்தது. வத்திக்கான் நாளிதழ் திட்டத் திட்ட இத்தாலியத் திரையரங்குகளில் கூட்டம் பெருகியது. வசை, விருது, வசூல் மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே தலையில் வந்து இறங்கின. அப்போது ஃபெல்லினிக்கு வயது நாற்பது.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ஓர் இயக்குநரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: அடுத்த படம் எப்போது? தயாரிப்பாளர் ஆஞ்செலோ ரிட்ஸோலி அவரை நம்பி ஃபெதெரிட்ஸ் என்ற பெயரில் கூட்டு நிறுவனமே தொடங்கினார். இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுப்போம் என்று தொடங்கிய அந்த நிறுவனம், பசோலினி தன் முதல் படமான 'அக்கத்தோனே'வுக்காக எடுத்துக் காட்டிய சோதனைக் காட்சிகளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. வேறு தயாரிப்பாளரின் பணத்தில் 1961இல் வெளிவந்த அந்தப் படம் இன்று இத்தாலிய சினிமாவின் மைல்கற்களில் ஒன்று. மற்றவர்களின் படத்தை எடைபோடும் நாற்காலியில் ஃபெல்லினியால் சரியாக உட்கார முடியவில்லை. தன் படமும் கைக்குச் சிக்கவில்லை.

இந்த நாட்களில்தான் அவர் எர்ன்ஸ்ட் பெர்ன்ஹார்ட் என்ற மனநல மருத்துவரைச் சந்திக்கிறார். கார்ல் யுங்கின் வழியில் வந்தவர். பெர்லினில் பிறந்து ரோமில் குடியேறிய யூதர். கனவுகளைக் குறித்துவைக்கும் பழக்கம் ஃபெல்லினிக்கு அவரிடமிருந்து வந்தது. ஃபெல்லினி இளமையில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்தவர். ஆகவே கனவுகளை எழுதியதோடு நிற்காமல் வண்ணத்தில் வரையவும் செய்தார். அந்தக் குறிப்பேடுகள் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 2007இல் புத்தகமாக வந்தன. கனவும் நினைவும் நடப்பும் ஒன்றோடொன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் கலக்கும் ஒரு படத்துக்கான பயிற்சி அந்த ஏடுகளில் நடந்தது என்பது என் எண்ணம்.

1960 அக்டோபரில் தன் கதை விவாதக் கூட்டாளி புரூனெல்லோ ரோந்திக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒருவன் லேசான உடல்நலக் குறைவால் இரண்டு வாரம் தன் அன்றாட ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போகிறான். அங்கே அவன் வாழ்க்கை முழுவதும் அவனைச் சூழ்ந்துகொள்கிறது. இதுதான் கரு. அவன் எழுத்தாளனா, நாடகக்காரனா, வேறு ஏதாவது தொழில் செய்பவனா என்பதை ஃபெல்லினியால் முடிவுசெய்ய முடியவில்லை. களம் மட்டும் தெளிவாக இருந்தது: சிகிச்சைக்காகக் கனிம ஊற்றுத் தண்ணீர் குடிக்க வசதியுள்ளவர்கள் கூடும் கியாஞ்சானோ போன்ற ஓர் ஊர். அங்கே அவரே போய்த் தங்கியிருக்கிறார்.

அந்தத் தொழில் கேள்வி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பதில் இல்லாமலே கிடந்தது. இதற்கிடையே 1961இல் அந்தோனியோனியின் 'லா நோத்தே' வந்தது. அதில் தன் எழுத்தின்மீது நம்பிக்கை இழந்த நாவலாசிரியனாக நடித்தவர் மார்செல்லோ மாஸ்திரொயான்னி. ஃபெல்லினி மனத்தில் வைத்திருந்த நடிகரும் அவர்தான். வறண்டுபோன எழுத்தாளன் என்ற வழி இதனால் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. இரண்டு படங்களின் திரைக்கதையிலும் எனியோ ஃப்ளாயானோவின் கை உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய ரோம் எவ்வளவு சிறிய உலகம் என்பது புரியும்.

படத்துக்கு ஃப்ளாயானோ சொன்ன தலைப்பு 'அழகிய குழப்பம்'. ஃபெல்லினி அதை ஏற்கவில்லை. கோப்பில் எழுதிவைக்க ஏதாவது பெயர் வேண்டுமே என்று தன் படங்களை எண்ணினார். 1950இல் ஆல்பெர்த்தோ லாத்துவாதாவோடு சேர்ந்து இயக்கிய முதல் படத்தில் தன் பங்கு பாதி. பிறகு 'வெள்ளை ஷேக்'கில் தொடங்கி 'லா ஸ்திராதா', 'கபீரியாவின் இரவுகள்' வழியாக 'லா டோல்சே வீட்டா' வரை முழுப்படங்கள் ஆறு. பல இயக்குநர்கள் சேர்ந்து செய்த தொகுப்புப் படங்களில் அவர் எடுத்த குறும்பகுதிகள் இரண்டு. அவை ஒவ்வொன்றும் அரை. ஆக ஏழரை ஆகிறது. அடுத்தது எட்டரை. தற்காலிகமாக வைத்த அந்த எண்ணே கடைசிவரை நின்றுவிட்டது. கதைக்குப் பெயர் வைக்க முடியாதவரின் கணக்கு இது. ஆனாலும் உலக சினிமாவில் இதைவிட நேர்மையான தலைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

1962 வசந்தம். ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன. மாஸ்திரொயான்னி, ஆனூக் ஏமே, சாந்த்ரா மீலோ ஆகியோரின் தேதிகள் வாங்கியாகிவிட்டது. தச்சர்கள் செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநருக்கு மட்டும் படம் மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்பது ஃபெல்லினியே பின்னாளில் சொன்ன சொல். ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து ரிட்ஸோலிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்: என் படத்தைத் தொலைத்துவிட்டேன், என்னால் எடுக்க முடியாது, எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்ற பொருளில்.

கடிதம் பாதியில் இருக்கும்போது செட் பணியாளர் ஒருவர் வந்து கூப்பிட்டார். பட்டறையில் ஒருவருக்குப் பிறந்தநாள், இயக்குநர் வந்து ஒரு வாய் மது அருந்தவேண்டும் என்றார். ஃபெல்லினி போனார். தச்சர்கள், பெயின்டர்கள், லைட்மேன்கள் எல்லோரும் கோப்பையை உயர்த்தி, எடுக்கப்போகும் படத்துக்கு வாழ்த்துச் சொன்னார்கள். கப்பலை விட்டு இறங்கி ஓடிப்போகும் நேரத்தில் தன் மாலுமிகள் வந்து மரியாதை செய்ததுபோல் அவர் கூசிப்போனார். வெளியே வந்து தனியாக உட்கார்ந்தபோதுதான் விடை கிடைத்தது. இந்த மனிதனின் தொழில் என்ன? சினிமா இயக்குநர். எடுக்கவேண்டிய படத்தை மறந்துபோன இயக்குநர்.

ஃபெல்லினி தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன பல கதைகள் சோடனை நிறைந்தவை. பையனாக இருந்தபோது சர்க்கஸோடு ஓடிப்போனதாக அவர் சொன்னதை நம்பாத வரலாற்றாசிரியர்கள் பலர். ஆனால் இந்தப் பிறந்தநாள் கதையின் சாரத்தை நான் நம்புகிறேன். ரோந்திக்கு எழுதிய கடிதத்தில் நாயகனின் தொழில் காலியிடமாக இருப்பது ஆவணம். அந்த இடம் கடைசி நேரத்தில் நிரப்பப்பட்டதும் உண்மை. அதைவிட முக்கியமானது கதையில் வரும் மனிதர்கள். வறட்சியில் கிடக்கும் கலைஞனுக்குத் தனிமையில் திடீர் வெளிச்சம் வருவதாகத்தான் நாம் படித்துப் பழகியிருக்கிறோம். இங்கே வெளிச்சம் வந்த இடம் தச்சுப் பட்டறை. ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் படம் இருப்பதாகவே நம்பினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

1962 மே 9ஆம் தேதி படப்பிடிப்பு தொடங்கியது. இது நகைச்சுவைப் படம், மறந்துவிடாதே என்று தனக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கேமராவில் கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஃபெல்லினி ஒட்டிக்கொண்டார். நடிகர்களிடம் முழுத் திரைக்கதை கொடுக்கப்படவில்லை. ஃப்ளாயானோ, தூல்லியோ பினெல்லி, ரோந்தி மூவரோடும் உட்கார்ந்து எழுதிய திரைக்கதை இருந்தது. அது இயக்குநரிடம் மட்டும் இருந்தது. அன்றைய இத்தாலியில் ஏறக்குறைய எல்லாப் படங்களுக்கும் குரல் பின்னால் டப்பிங்கில் சேர்க்கப்பட்டதால், ஃபெல்லினி கேமரா ஓடும்போதே பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இயக்குவார். சில நடிகர்களை வசனத்துக்குப் பதில் எண்களைச் சொல்லச் சொல்வதும் உண்டு. சொற்களைப் பிறகு டப்பிங் மேசையில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படி வேலை செய்கிறவரைச் சுற்றி, என்ன செய்கிறோம் என்று மிகத் தெளிவாகத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான்னி தி வெனான்ட்ஸோ அதே சில ஆண்டுகளில் அந்தோனியோனிக்கு 'லா நோத்தே'யையும் 'லெக்லிஸ்ஸே'யையும், பிரான்செஸ்கோ ரோஸிக்கு 'சால்வத்தோரே ஜூலியானோ'வையும் படமாக்கியவர். ஒன்றின் சாயல் இன்னொன்றில் கிடையாது. 'எட்டரை'யில் சிகிச்சைப் பூங்காவின் வெள்ளை கண்ணைக் கூச வைக்கும். முதியவர்கள் குடைபிடித்து வரிசையில் நின்று தண்ணீர் வாங்கும் அந்த வெயிலில் நிழல்களே கரைந்துபோகின்றன. அடுத்த காட்சியில் ஹோட்டல் தாழ்வாரத்தின் கறுப்பு அத்தனையையும் விழுங்கிவிடும். அரங்கமும் உடையும் பியெரோ கெரார்தி. நீனோ ரோத்தாவின் இசை துக்கத்தையும் சர்க்கஸ் கும்மாளத்தையும் ஒரே மெட்டில் கொண்டுவரும். படத்தொகுப்பு லியோ கத்தோட்ஸோ. படச்சுருளை வெட்டிப் பசைநாடாவால் ஒட்டும் கையடக்கக் கருவியைக் கண்டுபிடித்தவர். உலகம் முழுக்க எடிட்டிங் அறைகளில் பல பத்தாண்டுகள் அந்தக் கருவி புழங்கியது.

கிளாவ்தியா கார்தினாலே அப்போது விஸ்கொந்தியின் 'சிறுத்தை'யிலும் நடித்துக்கொண்டிருந்தார். ஓர் இயக்குநருக்கு அவர் கூந்தல் கறுப்பாக இருக்கவேண்டும், மற்றவருக்குப் பொன்னிறமாக. அங்கே மேடைநாடகம்போல் ஒழுங்கு, சத்தம் கூடாது. இங்கே சந்தைக்கடை இரைச்சல் இல்லாமல் இயக்குநருக்கு வேலை ஓடாது. துனிஸில் பிரெஞ்சு பேசி வளர்ந்த அவருடைய கரகரத்த குரலை இத்தாலியப் படங்கள் அதுவரை வேறு பெண்ணின் குரலால் மறைத்திருந்தன. அந்தக் குரலை அப்படியே முதலில் பயன்படுத்தியவர் ஃபெல்லினி. தயாரிப்பாளர் பாச்சே வேடத்துக்கு நடிகரைத் தேடாமல் கூயிதோ ஆல்பெர்த்தி என்ற மதுபான நிறுவன முதலாளியைப் பிடித்தார். இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்த்ரேகாவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். கலைஞர்களுக்குப் பணம் கொடுத்துப் பழகியவரின் முகமும் தோரணையும் அவரிடம் இயல்பாகவே இருந்தன.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக அதன் தொடக்கத்தைச் சொல்கிறேன். சுரங்கப்பாதையில் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஓசையே இல்லை. ஒரு காரின் உள்ளே புகை நிரம்புகிறது. பூட்டிய கண்ணாடியை ஒரு மனிதன் கையாலும் காலாலும் அடிக்கிறான். மற்ற கார்களில் இருப்பவர்கள் அவன் மூச்சுத் திணறுவதை அசையாமல் பார்க்கிறார்கள். எப்படியோ மேற்கூரை வழியே வெளியேறிக் கார்களுக்கு மேலே மிதந்து வானத்துக்குப் போகிறான். கீழே கடற்கரையில் ஒருவர் அவன் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். அவன் தலைகீழாகக் கடலை நோக்கி விழும்போது விழித்துக்கொள்கிறான். மருத்துவர் சோதிக்க வந்து நிற்கிறார், அடுத்து இன்னொரு நம்பிக்கையற்ற படமா என்று கேட்டுக்கொண்டே. இயக்குநர் கூயிதோ ஆன்செல்மி இப்படித்தான் நமக்கு அறிமுகமாகிறான்.

அவனைச் சுற்றி எல்லோரும் அவனிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள். தயாரிப்பாளருக்குத் தேதி வேண்டும், நடிகைக்குத் தன் பாத்திரம் என்னவென்று தெரியவேண்டும். கதையைச் சரிபார்க்க வந்த விமர்சகன் தோமியே, கதையில் ஒரு கருத்தும் இல்லை என்று வரிக்கு வரி விளக்குகிறான். ஆறுதல் கேட்டு கர்தினாலிடம் போனால் திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழைய வாசகம்தான் பதிலாகக் கிடைக்கிறது. கடற்கரையில் கோடிக்கணக்கில் செலவழித்து ராக்கெட் ஏவுதளம் ஒன்றின் செட் இரும்புச் சாரமாக எழுந்து நிற்கிறது. அதில் என்ன காட்சி என்று கூயிதோவுக்கே தெரியாது.

சராகீனா காட்சியை யாரும் மறப்பதில்லை. பாதிரிமார் பள்ளிப் பையன்கள் கடற்கரைக்கு ஓடிப்போய், அங்கே ஒதுங்கி வாழும் பெருத்த உடல்கொண்ட பெண்ணுக்குக் காசு கொடுத்து ரும்பா ஆடச் சொல்கிறார்கள். பாதிரிகள் துரத்திப் பிடிக்கிறார்கள். சிறுவன் கூயிதோவைப் பள்ளியே கூடி அவமானப்படுத்துகிறது. தாய் கண்ணீர் விடுகிறாள். தண்டனைக்குப் பிறகும் அவன் மறுபடி அதே கடற்கரைக்குப் போய் அவளுக்கு மண்டியிட்டுத் தொப்பியை அசைக்கிறான். வறட்சியின் வேர் எங்கே என்று படம் எங்கேயாவது சொல்கிறது என்றால் இங்கேதான். ஆசைப்பட்டதற்காகச் சிறுவயதில் வெட்கப்பட வைக்கப்பட்டவன், வளர்ந்தபின் எதைச் சொன்னாலும் பொய்போல் உணர்கிறான்.

ஆனால் எனக்கு இந்தப் படத்தின் உயிர் அதன் ஸ்கிரீன் டெஸ்ட் காட்சியில் இருக்கிறது. இருட்டான திரையரங்கில் கூயிதோவின் மனைவி லூயிஸா உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பாத்திரத்துக்கும் கணவனின் காதலியின் பாத்திரத்துக்கும் நடிகைகள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து நடித்துக் காட்டுகிறார்கள். தன் வீட்டுச் சண்டை, தன் சொற்கள், தன் மூக்குக்கண்ணாடி எல்லாம் யாரோ ஒருத்தியின்மேல் ஏற்றப்பட்டு ஓடுவதை அவள் பார்க்கிறாள். ஆனூக் ஏமே அழவில்லை. தாடை மட்டும் இறுகுகிறது. பிறகு எழுந்து போய்க் கூயிதோவை நிறுத்தி, உனக்கு வேண்டியபடி எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிக்கொள், உண்மை உனக்கும் எனக்கும் தெரியும் என்கிறாள். தன்னை மன்னித்துக்கொள்ளும் படம் என்று 'எட்டரை'யைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. பெண்கள் அத்தனைபேரும் ஒரே வீட்டில் அவனுக்குப் பணிவிடை செய்யும் அந்தப்புரக் கனவைப் பார்த்தால் அந்தக் குறை நியாயமாகவே தோன்றும். அவர்கள் கலகம் செய்யும்போதும் சாட்டை அவன் கையில்தான் இருக்கிறது. ஆனால் லூயிஸா பேசும் அந்த ஒரு நிமிடத்தில் சாட்டை அவன் கையை விட்டுப் போகிறது. அப்போது ஏறக்குறைய இருபது ஆண்டாக ஃபெல்லினியின் மனைவியாக வாழ்ந்திருந்த, 'லா ஸ்திராதா'வின் நாயகி ஜூலியெத்தா மசீனா இதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது.

படத்தின் முடிவு முதலில் வேறாக இருந்தது. ரயிலின் உணவுப் பெட்டியில் கூயிதோவும் லூயிஸாவும் ரோமுக்குத் திரும்புகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவன் வாழ்க்கையில் வந்த எல்லோரும் வெள்ளை உடையில் மேசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். இதைப் படமும் எடுத்தாகிவிட்டது. பிறகு ட்ரெய்லருக்காக, ஏவுதள செட்டின் முன்னால் பாத்திரங்கள் எல்லோரையும் கைகோத்து வட்டமாகச் சுற்றி வரச் செய்து ஒரு காட்சி எடுத்தார் ஃபெல்லினி. எடுத்ததைப் பார்த்தவர் ரயிலைத் தூக்கிப் போட்டுவிட்டார். விளம்பரத்துக்காக எடுத்தது படத்தின் முடிவாயிற்று. பத்திரிகையாளர் கூட்டத்தில் மேசைக்கடியில் ஊர்ந்து ஒளிந்த கூயிதோ படத்தைக் கைவிட்டதும், தோமியே அவனைப் பாராட்டுகிறான்: சொல்ல எதுவும் இல்லாதவன் மௌனமாக இருப்பதே மேல் என்று. அந்த நேரத்தில்தான் ஒரு மந்திரவாதி வந்து, எல்லாம் தயார், ஆரம்பிக்கலாம் என்கிறான். கூயிதோ ஒலிபெருக்கியைக் கையில் எடுக்கிறான். லூயிஸாவின் கையைப் பிடித்து வட்டத்தில் சேர்கிறான். சிறுவயது கூயிதோ வெள்ளைச் சீருடையில் குழலூதிக்கொண்டு நாலைந்து கோமாளி வாத்தியக்காரர்களை நடத்திச் செல்கிறான். தோமியே சொன்னதில் தர்க்கப் பிழை ஒன்றுமில்லை. ஃபெல்லினி அதற்கு வாதத்தால் பதில் சொல்லாமல் ஓர் ஊர்வலத்தால் பதில் சொன்னார்.

1963 பிப்ரவரியில் இத்தாலியில் படம் வெளியானது. அந்த ஜூலையில் மாஸ்கோ விழாவில் நடந்ததைத் தனியாகச் சொல்லவேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் சோவியத் தலைவர் குருஷ்சேவ் மாஸ்கோ ஓவியக் கண்காட்சியில் புதுமுறை ஓவியர்களை முகத்துக்கு நேரே ஏசியிருந்தார். எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் கூட்டிவைத்துக் கட்சியின் வழியை நினைவுபடுத்தியிருந்தார். அந்தச் சூழலில், என்ன படம் எடுப்பதென்று தெரியாமல் தவிக்கும் ஒரு முதலாளித்துவ நாட்டு இயக்குநரின் அகக் குழப்பத்துக்கு முதல் பரிசு கொடுப்பதை அதிகாரிகள் எப்படி விரும்புவார்கள்? நடுவர் குழுத் தலைவர் 'ஒரு போர்வீரனின் கதை'யை எடுத்த கிரிகோரி சுக்ராய். குழுவில் அமெரிக்காவின் ஸ்டான்லி கிராமர் இருந்தார், நம் சத்யஜித் ராயும் இருந்தார். சுக்ராய்மீது மேலிடத்து நெருக்கடி வந்தது. அவர் அசையவில்லை. முதல் பரிசு 'எட்டரை'க்கே போயிற்று. போரில் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாயான சுக்ராய், தன் நாட்டின் கலைக் கொள்கைக்கு முற்றிலும் எதிரான படத்துக்காகத் தன் எதிர்காலத்தைப் பணயம் வைத்தார். இந்தப் படத்துக்குக் கிடைத்த மரியாதைகளில் இதுவே பெரியது என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு சிறந்த அயல்மொழிப் படத்துக்கும், கறுப்பு வெள்ளைப் பட உடை வடிவமைப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தன.

பிறகு வந்தவர்களின் பட்டியல் நீளமானது. துரூஃபோவின் 'அமெரிக்க இரவு', பாப் ஃபாஸியின் 'ஆல் தட் ஜாஸ்', வுடி ஆலனின் 'ஸ்டார்டஸ்ட் மெமரீஸ்', பிராட்வே மேடையின் 'நைன்' எனப் பல. 2002இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இது மூன்றாம் இடம் பெற்றது. இயக்குநர்கள் இதைத் தங்கள் படம் என்று கொண்டாடுவதில் வியப்பில்லை. அதுவரை படம் எடுப்பதில் உள்ள பயத்தைப் படத்துக்குள்ளே இவ்வளவு வெளிப்படையாக யாரும் வைத்ததில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகும் ஃபெல்லினிக்குத் தொல்லை தீரவில்லை. 'எட்டரை'யை உருவாக்கிய கூட்டம் சில ஆண்டுகளில் கலைந்தது. 1965இல் வந்த 'ஜூலியெத்தாவும் ஆவிகளும்' படத்தோடு ஃப்ளாயானோ விலகினார். தி வெனான்ட்ஸோ 1966 தொடக்கத்தில் நோய்வாய்ப்பட்டு, நாற்பத்தைந்து வயதில் இறந்தார். அதே ஆண்டில் ஃபெல்லினி, தீனோ தே லாரென்தீஸ் என்ற தயாரிப்பாளருக்காக, இறந்தபின் ஒரு மனிதன் போகும் பயணத்தைப் பற்றிய 'மாஸ்தோர்னாவின் பயணம்' படத்தைத் தொடங்கினார். ரோமுக்கு வெளியே மிகப் பெரிய செட்டுகள் எழும்பின. 1966 செப்டம்பரில், இந்தப் படத்தை என்னால் எடுக்க முடியாது என்று ஃபெல்லினி தே லாரென்தீஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த முறை கடிதம் போய்ச் சேர்ந்தது. வழக்கு வந்தது. மறு ஆண்டு அவர் மருத்துவமனையில் கிடந்தார். 'மாஸ்தோர்னா' அவர் சாகும்வரை எடுக்கப்படவேயில்லை. அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பார்ப்போம்.